அரிப்புக்குச் சோப்பை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

மேடவாக்கத்தில் பதினெட்டு வருடங்களாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஒரு நாளைக்கு என் கை எத்தனை முறை நனைகிறது என்று ஒரு திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன். அரிசி களைவது, உளுந்து அலசுவது, கிரைண்டர் கல்லைத் தேய்ப்பது, தூக்குகள், டப்பாக்கள், தரை, நடுவில் வீட்டுப் பாத்திரம். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு கைகளிலும் கரப்பான் வந்தது. முதலில் மோதிர விரலடியில் அரிப்பு, பிறகு விரலிடுக்கெல்லாம் செதில், பிறகு வெடிப்பு. மிளகாய்ப் பொடி பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆறு சோப்புகள் மாற்றினேன். தோல் மருத்துவர் எந்தச் சோப்பு என்று கேட்பார் என எண்ணி ஆறு உறைகளையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, அறை மூலையிலிருந்த வாஷ் பேசினைக் காட்டி, "வீட்டில் கழுவுவதுபோலவே கழுவுங்கள்" என்றார். கழுவினேன். ஈரக் கையை விளக்கடியில் பிடித்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பஞ்சால் ஒற்றி எடுத்து என்னிடம் கொடுத்தார். விரலால் நெருடினால் வழவழவென்று வழுக்கியது. அவ்வளவும் சோப்பு.

வீட்டுக்கு வந்து எங்கள் பேசின் முன் நின்றபோதுதான் காரணம் புரிந்தது. எங்கள் குழாயின் மூக்கு, பேசினின் பின்சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. உள்ளங்கையை நீட்டினால் விரல் நுனி பீங்கானில் இடிக்கும். அதனால் கையைக் குவித்து, தண்ணீரை ஏந்தி, மேலே ஊற்றிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. புறங்கைக்கும் விரலிடுக்குக்கும் ஓடுகிற தண்ணீர் போய்ச் சேர்வதே இல்லை. தோலுக்கு ஒரு வைத்தியம், குழாய்க்கு ஒரு பிளம்பர் என்று தனித்தனியாக அலைந்த எனக்கு இரண்டும் ஒரே கோளாறு என்று அன்றுதான் தெரிந்தது. சோப்பு தோலில் தங்குகிறது. தங்காமல் செய்ய வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காக நான் செய்தவை.

முதலில் தண்ணீர்

ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வடிகட்டிய குடிதண்ணீர், மற்றொன்றில் குளியலறைக் குழாய்த் தண்ணீர் (எங்கள் வீட்டில் அது போர் தண்ணீர்), இரண்டும் பாதி அளவு. சாதாரணக் குளியல் சோப்பைக் கத்தியால் சீவி, சுண்டுவிரல் நக அளவுத் துண்டு ஒவ்வொன்றிலும் போட்டு, மூடி, இருபது முறை குலுக்குங்கள். ஷாம்பூ போட்டுப் பார்க்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். எங்கள் வீட்டில் குடிதண்ணீர்ப் பாட்டிலில் நுரை கழுத்துவரை எழும்பி நின்றது. போர் தண்ணீர்ப் பாட்டிலில் நுரை வந்தவுடன் அமுங்கி, தண்ணீர் மோர்போல் கலங்கி, மேலே வெள்ளைத் திரிதிரியாக ஆடை மிதந்தது. அந்தத் திரிதான் விஷயம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறுகின்றன. வாளியின் உட்புறம் சாம்பல் நிற வளையமாகப் படிவது அதுதான். வாளியில் படிவது தோலில் மட்டும் படியாமல் இருக்குமா?

குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை (இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவுதான் அது) வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 600 வரை. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது 740 வந்தது. உப்புக் கரிக்காததால் நல்ல தண்ணீர் என்றே நினைத்திருந்தோம். கடினத்தன்மை வேறு, கரிப்பு வேறு.

உடனே வாட்டர் சாஃப்ட்னர் என்ற, கடினத்தன்மையை நீக்கும் கருவியை வாங்கினால் கரப்பான் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து இதையே சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சாஃப்ட்னர் பொருத்திய வீட்டுக் குழந்தைகளுக்கு, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாகப் பலன் எதுவும் தெரியவில்லை. கருவி குழாய்க்கும் கீசருக்கும் நல்லது, வசதியிருந்தால் போடுங்கள். தோலுக்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள் என்றே சொல்வேன்.

நான் செய்தது மிக எளிது. பேசின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சொம்பில் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறேன். போர் தண்ணீரில் கழுவி முடித்தபின் கடைசியாக அரைச் சொம்பு நல்ல தண்ணீர் கையில் ஊற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் பிடிக்கிறோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாய்தான், இத்தனை நாள் நேராகக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. முதல் கால்மணி நேர மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடுகிறோம். அந்தத் தண்ணீரில் முகம் கழுவிப் பார்த்தால் தெரியும், துளிச் சோப்புக்கே நுரை பொங்கும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவுகிறார்கள், கைகூடக் கழுவுகிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைவிடக் கடினமானது. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு சிக்கல். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து பகல் இரண்டு மணிக்கு வருகிற தண்ணீர் கீசர் தண்ணீர்போல் சுடும். சூடான தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை அப்படியே உருவிவிடும். அதனால் காலை ஆறு மணிக்கே இரண்டு வாளி பிடித்து உள்ளே வைத்துவிடுவேன், பகலில் அதைத்தான் புழங்குவேன்.

சோப்பைப் பற்றி, சுருக்கமாக

உறையைத் திருப்பிப் படியுங்கள். 'டாய்லெட் சோப்' என்று இருந்தால் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு, 60 சதவீதத்துக்குக் குறையாது. முதல் தரத்துக்கு 76 அல்லது அதற்கு மேல். 'பேதிங் பார்' என்று இருந்தால் அது 40 வரை இறங்கலாம். ஆனால் டி.எஃப்.எம். உயர்ந்ததால் மட்டும் கடினத் தண்ணீரில் பிசுக்குப் படியாது என்று நினைக்க வேண்டாம், சோப்பு சோப்புதான். தோலின் இயல்பு லேசான அமிலம், பி.எச். என்ற அமில-கார அளவில் ஐந்துக்குப் பக்கம். சோப்பு காரம், ஒன்பது, பத்து. பிசுக்கே வராதது, 'சோப் ஃப்ரீ' அல்லது 'சிண்டெட்' என்று எழுதிய பார்கள். விலை கூடுதல். நான் கைக்கும் முகத்துக்கும் அதை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்குப் பழைய சோப்பையே போடுகிறேன். வாசனை வேண்டாம் என்றால் 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதைத் தேடுங்கள். 'அன்சென்டட்' என்பது வாசனையை மறைக்க வேறொரு வாசனை சேர்த்ததாகவும் இருக்கலாம். புதிதாக எதை வாங்கினாலும் முகத்தில் போடுவதற்கு முன் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் சிறிது தடவி, வழக்கம்போல் கழுவி, ஒரு வாரம் பாருங்கள்.

பாசிப்பயறு மாவு எனக்கு ஒத்துக்கொள்கிறது. மில்லில் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வேன். நறநறவென்று இருந்தால் புண் தோலைக் கீறிவிடும். நலங்கு மாவு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் கார்போகரிசி என்ற விதையைச் சேர்ப்பது வழக்கம். அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதை ஒளியோடு சேர்த்துப் பயன்படுத்துவதே அதனால்தான். பூசிக் குளித்துவிட்டு நேரே வெயிலில் நடந்தால், சிலருக்குத் தீப்பட்டதுபோல் சிவந்து பிறகு கறுத்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் அரைத்துக் கேட்கும்போது கார்போகரிசி இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள். நம் பாட்டிகளின் பொருள்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கழுவும் கை

மோதிரத்தைக் கழற்றுங்கள். என் கரப்பான் தொடங்கிய இடமே அதன் அடிதான். கழற்ற முடியாத அளவு இறுகியிருந்தால், ஓடும் தண்ணீரில் மோதிரத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்புங்கள். மெட்டிக்கும் இதே. தாலியை மஞ்சள் கயிற்றில் அணிகிறவர்களுக்குக் கழுத்தின் பின்னால் அரிப்பு வந்தால், மஞ்சளைச் சந்தேகிக்கும் முன் கயிற்றைப் பிழிந்து பாருங்கள். குளித்த சோப்பெல்லாம் அந்தத் திரியில் ஊறியிருக்கும். குளித்து முடிக்கும்போது ஒரு குவளை தண்ணீரைக் கயிற்றின் மேல் மட்டும் ஊற்றி அலசினால் போதும்.

சோப்பு தேய்ப்பதைவிட இரு மடங்கு நேரம் அலச வேண்டும். விரல்களை விரித்து, நுனி கீழே பார்க்க, புறங்கை மேல் தண்ணீர் ஓட வேண்டும். பிறகு ஒரு கை விரல்களை மறு கை இடுக்குகளில் கோத்து அலச வேண்டும். முடித்ததும் கட்டைவிரலால் ஒவ்வொரு இடுக்கையும் நெருடிப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் அலசல் பாக்கி. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காக்கும் களிம்பைப் பூசிவிடுங்கள். நான் மாவைத் தொடுகிறவள் என்பதால் பகலில் பூச முடிவதில்லை. இரவு கடைசிப் பாத்திரம் கழுவியபின் பெட்ரோலியம் ஜெல்லியை விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தடவி, பழைய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குவேன். வெடிப்பு மூடியதற்கு எந்த மருந்தையும்விட இந்தப் பழக்கத்துக்கே நன்றி சொல்வேன்.

பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை போடுகிறவர்கள் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி வியர்வை ஆறவிடுங்கள். கையுறை பட்ட இடத்திலேயே தடிப்புத் தடிப்பாக எழும்பினால் ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள்.

துணிக்கும் இதே கதைதான். மூன்றாவது அலசல் தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள், நுரைக் குமிழி நின்றால் இன்னொரு முறை அலசுங்கள். உள்ளாடை, துண்டு, தலையணை உறை இந்த மூன்றுக்காவது.

வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து பரவுகிற அரிப்பு வந்தால் அது படையாக இருக்கலாம். மருந்துக் கடையில் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பல ட்யூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது சிவப்பை அடக்கிவிட்டு, உள்ளே படையைப் பரவவிடும். சீழோ நீரோ கசிந்தாலும் மருத்துவரிடமே காட்டுங்கள்.

இனி குழாய்

ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போங்கள். பேசின் குழாயைத் திறந்து, தண்ணீர் விழுகிற இடத்தில் கையை நீட்டுங்கள். விரல் எங்கும் இடிக்காமல் இரண்டு கைகளும் ஒன்றையொன்று சுற்றி வர இடம் இருக்கிறதா? இல்லையென்றால் மூன்று வழிகள்.

மிக எளியது, குழாய் மூக்கின் நுனியிலுள்ள ஏரேட்டர் என்ற சல்லடை முனையைக் கழற்றிவிட்டு, அந்த மரையிலேயே சுழலும் முனை ஒன்றைப் பொருத்துவது. அது மூக்கை முன்னுக்குக் கொண்டுவரும். மேலே திருப்பினால் முகத்தில் நேரே தண்ணீர் அடிக்கும். கண்ணில் சீயக்காய் போனபோது எனக்கு அது பேருதவியாக இருந்தது. மரை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்து, கழற்றிய ஏரேட்டரைக் கடைக்கே எடுத்துப் போங்கள். இரண்டாவது வழி, குழாயையே மாற்றி 'ஸ்வான் நெக்' என்கிற வளைந்து உயர்ந்த கழுத்துள்ளதைப் போடுவது. பேசின் ஆழம் குறைவு என்றால் தண்ணீர் தெறிக்கும், அதனால் வாங்கும் முன் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது, சுவர்க் குழாய்க்கு. வாளியின் விளிம்பு சுவரில் இடித்து, தண்ணீர் பாதி வெளியே விழுகிறதா? பிளம்பரிடம் 'ஷார்ட் பாடி' என்கிற குட்டைக் குழாயைக் கழற்றி 'லாங் பாடி' என்கிற நீளமானதைப் போடச் சொல்லுங்கள். அல்லது பழைய குழாயையே வைத்துக்கொண்டு சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குல எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற இணைப்புத் துண்டைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

குழாய் நன்றாக இருந்தும் தண்ணீர் நான்கு பக்கமும் சீறுகிறதா? ஏரேட்டர் அடைத்திருக்கிறது. எங்கள் குழாயில் கழற்றியபோது, சல்லடை முழுதும் கல்லுப்பைப்போல் வெள்ளைப் பொருக்கு, நடுவில் தொட்டியிலிருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் சீவல் ஒன்று. கழற்றும் முன் வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள், உள்ளேயிருக்கிற சின்ன ரப்பர் வளையம் அதில் விழுந்தால் கிடைக்காது. துணி சுற்றிக் கையால் திருகுங்கள். வராவிட்டால் மட்டும் இடுக்கி. பிளாஸ்டிக் சல்லடையை வினிகரில் இரவு முழுதும் போடலாம். பளபளப்புப் பூச்சுள்ள உலோக வளையத்தை அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பொருக்கு உதிர்ந்து வந்துவிடும். உள்ளே எது முதலில், எது அடுத்து இருந்தது என்று கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கழிப்பறை ஆசிட்டைக் குழாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், பூச்சு உரிந்து கறுத்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும்புகிற குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும்.

அடுத்தது கைப்பிடி. எங்கள் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, விரல் கணுக்களில் வாதம். குளியலறையில் இருந்தது உருண்டைப் பிடி. சோப்புக் கையில் அது மீனைப்போல் நழுவும். "முறுக்கினால் கணுவெல்லாம் தெறிக்கிறதம்மா" என்பார். தெறிக்கும் என்பதற்காகவே அவர் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, ஒழுகுகிற தண்ணீரில் அவசரமாக அலசிவிட்டு வந்துவிடுவார். அவர் முதுகில் இருந்த அரிப்புக்கும் அதுவே காரணம் என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. இப்போது கால் சுற்று லீவர் குழாய் போட்டிருக்கிறோம். மணிக்கட்டால் தட்டினால் திறக்கும், தட்டினால் மூடும். வாங்கும்போது லீவர் குறைந்தது உள்ளங்கை அகல நீளம் இருக்கட்டும். பொருத்தும்போது பிளம்பர் பக்கத்திலேயே நின்று, லீவர் முழுதும் திறக்கும்போது சுவரில் இடிக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். முதலில் வந்தவர் எங்களுக்கு இடிக்கும்படி வைத்துவிட்டுப் போய், பாதித் தண்ணீர்தான் வந்தது.

சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் சுவர் மிக்சர் வைத்திருப்பவர்கள் குளித்து முடித்ததும் டைவர்ட்டரை ஷவரிலிருந்து குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் தலையில் எதிர்பாராமல் தண்ணீர் கொட்டாது.

சொட்டுகிற குழாயை நீங்களே சரிசெய்யலாம். ஆங்கிள் வால்வையோ மாடிக் குழாயின் கேட் வால்வையோ மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பிடியின் தலையிலுள்ள மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றினால் ஸ்பிண்டில் என்ற, பிடியோடு சுழலும் தண்டு தெரியும். பழைய மாதிரிக் குழாய் என்றால் அதன் அடியிலுள்ள வாஷர் நைந்திருக்கும். வாஷரை மட்டும் மாற்றினால் போதும். கால் சுற்றுக் குழாயில் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். குழாய் முழுவதையும் கழற்றியிருந்தால், மரையில் பழைய டெஃப்லான் டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க வலஞ்சுழியாகப் பத்துச் சுற்றுப் புது டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். இடஞ்சுழியாகச் சுற்றினால் பொருத்தும்போதே டேப் பிரிந்துவிடும்.

எல்லாம் பொருத்தியபின் வால்வை மெதுவாகத் திறங்கள். இணைப்புக்கு நேர் கீழே காய்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்துவிட்டுப் போய்ப் படுங்கள். காலையில் தாள் காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.